கறி மிளகாய் ஏன் உறைத்தது? பண்டாரவளைப் பக்கத்து லயத் தோட்டம் ஒன்றின் மூன்று போகம்

2024 பெப்ரவரி. இடைவேளை மணி அடித்துப் பத்து நிமிடம் இருக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வாயைத் திறந்து வைத்துக் கையால் விசிறிக்கொண்டு குழாயடியில் நின்றது. கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தன. டிபன் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ரொட்டி, உருளைக்கிழங்கு போட்டு வதக்கிய கறி மிளகாய். அந்த வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் அதுதான் சாப்பாடு. அம்மா கொழுந்துக்குப் போகுமுன் விடியற்காலை ஐந்து மணிக்கே வதக்கி வைத்துவிடுவார். கறி மிளகாய் என்பது பெரும்பாலும் உறைக்காத, மரக்கறியாகச் சமைக்கிற பெரிய மிளகாய். பிள்ளை இரண்டு வயதிலிருந்து தின்று பழகிய கறி.

தண்ணீர் குடிக்கக் குடிக்க எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. யோகட் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். உறைப்பைத் தரும் கெப்சைசின் தண்ணீரில் கரையாது. கொழுப்பில் கரையும். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் அதைப் பிடித்துக்கொண்டு நாக்கை விட்டு இறக்கிவிடும். அரை யோகட் உள்ளே போனபிறகுதான் அழுகை நின்றது.

பின்னேரம் தாய் என்னைத் தேடி வந்தார். அவர் எனக்கு அக்கா முறை. "டீச்சர், கறி மொளகான்னு சொல்லி அந்தக் கடைக்காரன் விதையக் குடுத்து ஏமாத்திட்டான். நாளைக்கே டவுனுக்குப் போயி நாலு கேள்வி கேக்கணும்" என்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் காய் இருந்தது. பிள்ளை கடித்த மிச்சமும் அதில் இருந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் விவசாயமும் உணவுத் தொழினுட்பமும் படிப்பிக்கிறவள். வீடும் அக்கா வேலை செய்கிற அதே தேயிலைத் தோட்டத்தில், மேல் டிவிசனில்தான். கடைக்காரரோடு சண்டைக்குப் போகுமுன் செடியைப் பார்த்துவிடலாம் அக்கா என்றேன். அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்த ஆய்வு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதே காரணத்தால் இதே தப்பு மலையகத்தில் எத்தனையோ வீட்டுத் தோட்டங்களில் நடந்துகொண்டிருக்கிறது என்று நம்புகிறேன்.

இடமும் பின்னணியும்

பண்டாரவளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம். எங்கள் தோட்டம் அதற்குக் கொஞ்சம் மேலே, அப்புத்தளைப் பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. மிளகாய்க்கு இந்த உயரம் சரியான எல்லை. இரவுக் குளிர் 15 பாகைக்குக் கீழே இறங்கிவிட்டால் பூ உதிரும், தப்பிப் பிடிக்கிற காயும் விதையில்லாமல் சிறுத்துப் போகும். அதனால்தான் 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் குடைமிளகாயைப் பொலித்தீன் கூடாரத்துக்குள் வளர்க்கிறார்கள். எங்களுக்குக் கூடாரம் வேண்டியதில்லை. ஊவாப் பக்கம் என்பதால் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை, ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரை வறட்சி. பெப்ரவரியிலும் ஒரு வறட்சி வந்து போகும். இந்தப் பெப்ரவரி வறட்சியைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அக்காவின் தோட்டம் என்பது தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் தேயிலை மலைக்கும் காம்பராச் சுவருக்கும் இடையில் கிடக்கிற ஒரு துண்டு. நாலைந்து பேர்ச் இருந்தால் அதிகம். அதற்குள் போஞ்சி, லீக்ஸ், கொஞ்சம் கீரை, ஓரத்தில் கறி மிளகாய். கம்பு நட்டுக் கட்டிய வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுப் பெரியம்மாவின் பச்சை மிளகாய், ஆறடி தள்ளி. குழாயடியில் ஒரு பழைய கொச்சி மரம், கடுமையாக உறைக்கிற சின்ன மிளகாய். அது யார் நட்டதென்று யாருக்கும் நினைவில்லை.

பொருளாதார நெருக்கடி வந்த 2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முந்திய வருடம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள், அந்த நவம்பரிலேயே திரும்ப விட்டார்கள், ஆனால் விலை இறங்கவில்லை. 2022 ஜூனில் அரசாங்கமே ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டில் பயிரிடச் சொன்னது. மரக்கறி விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்த நாட்கள் அவை. அந்த வருடக் கடைசியில் அக்காவும் இன்னும் இரண்டு வீட்டாரும் சேர்ந்து நகரத்துக் கடையில் ஒரு பக்கெற் கறி மிளகாய் விதை வாங்கி மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். அது சீ.ஏ. 8 என்ற ரகம். கறி மிளகாய் என்று இலங்கையில் அதிகம் பயிரிடப்படுவது இதுவும் ஹங்கேரியன் யெலோ வெக்ஸ் என்பதும்தான். சிங்களத்தில் மாளு மிரிஸ். வெளிர்ப் பச்சையில், மெழுகு பூசின மாதிரி மினுமினுப்பாக, விரலைவிடப் பருத்து நீண்டிருக்கும்.

2023இல் மூன்று வீட்டிலும் காய் வந்தது. மூன்று வீட்டிலும் உறைப்பில்லை. அக்கா நல்ல காயாகப் பார்த்து நாலைந்தைச் செடியிலேயே பழுக்கவிட்டு, சிவந்தபிறகு விதை எடுத்துப் பழைய பால்மாப் பேணியில் வைத்தார். விதை வாங்கக் காசில்லாத காலத்தில் அது நல்ல புத்தி. அந்த விதையைத்தான் 2023 செப்டம்பரில் மேடையில் தூவி, ஒக்டோபர் மழையோடு நட்டார். 31 நாற்று.

தோட்டத்தில் சொன்ன காரணங்கள்

ஒரு பிள்ளை அழுத செய்தி லயம் முழுக்கப் பரவ ஒரு மணி நேரம் போதும். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒன்றையும் நான் தள்ளிவிடவில்லை. எல்லாவற்றிலும் ஏதோ ஒரு பார்வை இருந்தது.

அக்கா கடைக்காரரைச் சொன்னார். அடுத்த வீட்டுப் பெரியம்மா, "பக்கத்துல பச்ச மொளகா இருந்தா அந்தக் காத்துப் பட்டுக் காயெல்லாம் ஒறைக்கும், எங்க அம்மாயி சொல்லும்" என்றார். அது தன் செடியைத்தானே குற்றம் சொல்கிறது என்றுகூட அவர் யோசிக்கவில்லை, அவ்வளவு நேர்மை. மாமா ஒருவர் கொச்சி மரத்தை வெட்டச் சொன்னார். கோழி எரு போட்டதால் சூடு ஏறிவிட்டது என்று இன்னொருவர். தண்ணீர் போதாமல் செடி வாடினால் உறைக்கும் என்று கங்காணி அண்ணன் சொன்னார்.

கடைக்காரர் விஷயம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. ஒரே பக்கெற்றைப் பிரித்த மூன்று வீட்டிலும் முதல் போகம் உறைக்கவில்லை. பக்கெற்றில் தப்பிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். இப்போது உறைக்கிறது அக்கா எடுத்த விதை. இதைச் சொன்னதும் அக்காவுக்கு முகம் வாடிப்போனது. தன் கையால் செய்தது பிழைத்துவிட்டதென்று நினைத்துவிட்டார். அப்படியில்லை என்று காட்டவேண்டும் என்ற எண்ணமும் எனக்கு அப்போதே வந்துவிட்டது.

என்ன செய்து பார்த்தோம்

31 நாற்றில் ஐந்து ஏற்கெனவே செத்திருந்தன. இலை பச்சையாக இருக்கும்போதே ஒரே நாளில் தலை தொங்கி வாடிய செடிகள். இன்னொன்றும் அப்படி வாடுகிற மாதிரி இருந்ததால் வேரோரமாகத் தண்டில் ஒரு துண்டு வெட்டிக் கண்ணாடிக் கோப்பைத் தண்ணீரில் தொங்கவிட்டேன். பற்றீரிய வாடல் என்றால் சில நிமிடத்தில் வெட்டு வாயிலிருந்து பால் மாதிரி ஒரு நூல் கீழே இறங்கும். இறங்கவில்லை, அது வெறும் தண்ணீர்த் தட்டுப்பாடு. மாலையில் ஊற்றியதும் நிமிர்ந்துகொண்டது. செத்த ஐந்தும் போன வருடம் உருளைக்கிழங்கு போட்ட மூலையில் இருந்தவை. உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் ஒரே குடும்பம். ஒரே மண்ணில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் இந்த வாடல் கிருமி மண்ணில் தங்கி அடுத்த பயிரையும் பிடிக்கும். இது வேறு கதை, ஆனால் மலைநாட்டில் மிளகாய் நடுகிற எவருக்கும் தெரிந்திருக்கவேண்டியது.

மிச்சம் 26 செடி. ஒவ்வொன்றுக்கும் ஒரு துணிக் கீற்றில் எண் எழுதிக் கட்டினேன். என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் வந்தார்கள். ஒரு செடியில் மூன்று காய், மூன்று நாக்கு: அக்கா, பெரியம்மா, நான். பிள்ளைகளுக்குச் சுவைக்கும் வேலை இல்லை, எழுதும் வேலை.

காயை நெடுக்காகப் பிளந்தால் காம்படியிலிருந்து இறங்குகிற வெள்ளை நரம்பும், அதில் ஒட்டிய விதைகளும் தெரியும். உறைப்பு ஊறுவது அந்த வெள்ளைத் திசுவில்தான். விதையில் இல்லை. விதை அதோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் அதிலும் பூசிக்கொள்கிறது. அதனால் ஒவ்வொரு காயிலும் நுனிப்பக்கச் சதையில் ஒரு துளி, நரம்பை ஒட்டி ஒரு துளி என்று இரண்டு இடத்தில் சுவைத்தோம். நடுவில் யோகட் ஒரு கரண்டி. அப்படியும் எட்டாவது செடிக்கு மேல் நாக்கு மரத்துவிடும். நாலு நாளாகப் பிரித்துச் செய்தோம்.

முதல் நாள் வெட்டிய இரண்டு காயை இன்னும் கண்ணுக்குள் வைத்திருக்கிறேன். மூன்றாம் எண் செடியின் காய் வெளிர்ப் பச்சை, சதை தடிப்பு, நரம்பு பஞ்சு மாதிரி வெளுப்பு. நுனியிலும் நரம்பிலும் புல் வாசம்தான், உறைப்பு இல்லை. பக்கத்திலேயே வைத்த பதினொன்றாம் எண் காய் ஒரு விரலளவு குட்டை. நிறம் ஒரு படி கருத்த பச்சை. நுனி கூராக வளைந்திருந்தது, சதை மெல்லிசு. நரம்பில் மஞ்சள் புள்ளிகள் மினுங்கின. பெரியம்மா நரம்பில் ஒரு நுனி கிள்ளி வாயில் வைத்தார். உடனே துப்பிவிட்டு, "அடியே, இது எங்க வூட்டு மொளகா" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் பாதி விடை இருந்தது.

கண்டது

26இல் 17 செடி உறைக்கவேயில்லை. ஏழு செடி நன்றாக உறைத்தன. இரண்டு செடியில் ஒரு காய் இல்லை, ஒரு காய் லேசு. உறைத்த ஏழும் தோட்டத்தில் ஒரே இடத்தில் இல்லை. மேலும் கீழுமாகச் சிதறிக் கிடந்தன. எருவும் தண்ணீரும் எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே போனது. ஆறாம் எண் செடியும் ஏழாம் எண் செடியும் ஒன்றரை அடி இடைவெளியில் ஒரே குழியெருவைத் தின்று வளர்ந்தவை. ஒன்று உறைக்கிறது, ஒன்று இல்லை. எரு காரணமில்லை என்பதற்கு அதற்குமேல் சாட்சி வேண்டாம். பெரியம்மாவின் வேலியை ஒட்டிய செடிகளில் ஐந்து உறைக்கவில்லை. காற்றுப் பட்டு உறைத்திருந்தால் முதலில் அவைதான் உறைத்திருக்கவேண்டும்.

ஆனால் பெரியம்மாவின் அம்மாயி சொன்னது முழுக்கப் பொய்யும் இல்லை. ஒரு தலைமுறை பிந்தி நடக்கிறது, அவ்வளவுதான்.

மிளகாய்ப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஆனால் தேனீ வந்தால் பக்கத்துச் செடியின் மகரந்தமும் சேரும். எங்கள் லயத்துச் சுவர்ப் பொந்துகளில் கொசுத்தேனீ கூடு நிறைய. 2023இல் அக்காவின் கறி மிளகாய்ப் பூவில் பெரியம்மாவின் பச்சை மிளகாய் மகரந்தம் விழுந்திருக்கிறது. அப்போது அந்தக் காய் உறைக்கவில்லை. ஏனென்றால் காயின் சதையும் வெள்ளை நரம்பும் தாய்ச் செடியின் உடம்பு. தகப்பன் யாராக இருந்தாலும் கருப்பை அம்மாவுடையது, உள்ளே இருக்கிற பிள்ளைதான் இரண்டு பேருக்கும் சொந்தம். அந்தப் பிள்ளை விதைக்குள் இருக்கிறது. விதையை நட்டு, அது வளர்ந்து, தானே காய்த்தால்தான் தகப்பனின் குணம் தெரியும்.

உறைப்பே இல்லாத மிளகாயில், கெப்சைசின் செய்ய வேண்டிய பன் 1 என்ற மரபணு வேலை செய்வதில்லை. உறைக்கிற ரகத்திலிருந்து வேலை செய்கிற ஒரு பிரதி வந்துவிட்டால் போதும், செடி உறைக்கும். உறைப்புத்தான் ஆட்சி செய்கிற குணம். எவ்வளவு உறைக்கும் என்பதை வேறு பல மரபணுக்களும் சூழலும் தீர்மானிக்கும். அதனால்தான் லேசாக உறைக்கிற ரகங்களும் இருக்கின்றன, கடையில் கறி மிளகாய் என்றே விற்கிற காயில் சிலது நாக்கைச் சுருக்கென்று கடிக்கிறது. உறைப்பை அளக்கிற ஸ்கோவில் என்ற அளவு 1912இல் வந்தது, வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தியலாளர் உருவாக்கியது. அதில் குடைமிளகாய் பூச்சியம். ஹங்கேரியன் யெலோ வெக்ஸின் உறைப்பு வகை 5,000 முதல் 10,000 வரை போகும். ஆனால் அதே தோற்றத்தில் வாழை மிளகாய் என்று ஒன்று இருக்கிறது, அது 500ஐத் தாண்டாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணால் பிரிக்க முடியாது. கொச்சி 50,000க்கு மேல். பிள்ளைக்குக் கொடுக்கிற காயை நிறத்தை மட்டும் பார்த்து நம்பக்கூடாது என்பது இதிலிருந்து தெரியும்.

கொச்சி மரம் தப்பித்தது. கறி மிளகாயும் பச்சை மிளகாயும் ஒரே இனம், சுலபமாகக் கலக்கும். கொச்சி பெரும்பாலும் வேறு இனம், கலப்பது கஷ்டம். கலப்புச் செடிகளின் காய் கீழ்நோக்கித் தொங்கியது, பருமனும் பச்சை மிளகாயை ஒத்திருந்தது. கொச்சி மாதிரி வானம் பார்த்து நிற்கவில்லை. தகப்பன் வேலிக்கு அந்தப் பக்கம்தான் என்று பெரியம்மாவே ஒப்புக்கொண்டார்.

கங்காணி அண்ணன் சொன்ன தண்ணீர்க் காரணம் மட்டும் மிச்சம். அதுவும் உண்மைதான், ஆனால் வேறு விதமாக. அந்த இரண்டு சந்தேகச் செடியின் காயை மார்ச்சில் மறுபடி சுவைத்தோம். பெப்ரவரி வறட்சியில் பிடித்த காய் லேசாக உறைத்தது, மழை வந்தபிறகு பிடித்தது உறைக்கவில்லை. தண்ணீர் தட்டினால் செடி கெப்சைசினைக் கூட்டும். ஆனால் வறட்சி இருக்கிற உறைப்பைத்தான் கூட்டும். உறைப்பே செய்யத் தெரியாத செடிக்கு அது புதிதாகக் கற்றுக்கொடுக்காது. செடிக்குச் செடி வித்தியாசம் என்றால் விதையைச் சந்தேகப்படலாம், ஒரே செடியில் காலத்துக்குக் காலம் வித்தியாசம் என்றால் தண்ணீரை. இந்த ஒன்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

விதையைக் காப்பாற்றியது

விதைக்காக மிளகாய் பயிரிடுகிறவர்கள் ஒரு ரகத்துக்கும் இன்னொன்றுக்கும் இடையில் நூற்றுக்கணக்கான மீட்டர் விடுவார்கள். லயத்தில் அது நடக்காது. பெரியம்மாவைப் பச்சை மிளகாய் போடாதே என்று சொல்லவும் முடியாது, அவர் வீட்டுச் சம்பலுக்கு அதுதானே வேண்டும்.

அதனால் நுளம்பு வலை. கிழிந்துபோய்ப் பெட்டிக்கடியில் கிடந்த ஒன்றை அக்கா எடுத்துவந்தார். உறைக்காத 17இல் காய்ப்பும் நோய் தாங்கும் தன்மையும் பார்த்து நாலு செடியைத் தெரிந்தெடுத்தோம். ஒவ்வொன்றிலும் மொட்டு நிறைந்த ஒரு கிளை. ஏற்கெனவே விரிந்த பூவையும் பிடித்த பிஞ்சையும் கிள்ளிப்போட்டோம், அவை யாரோடு கலந்ததென்று தெரியாது. பிறகு வலைத்துணியைப் பை மாதிரித் தைத்துக் கிளைக்குப் போட்டு, அடியில் பஞ்சு வைத்து நூலால் கட்டினோம். பஞ்சு இல்லாவிட்டால் எறும்பும் சின்னப் பூச்சியும் தண்டு வழியே ஏறிவிடும்.

மிளகாய்ப் பூ காலையில்தான் மகரந்தம் உதிர்க்கும். பத்து மணிவாக்கில் கிளையைப் பையோடு சேர்த்து இரண்டு தட்டுத் தட்டவேண்டும். தேனீ செய்கிற வேலையை நாம் செய்கிறோம். அக்கா அந்த நேரம் மலையில் நிற்பார். தட்டுகிற வேலையைப் பிள்ளையின் அம்மாயி எடுத்துக்கொண்டார். வயிற்றுப்புண்ணால் வருடக்கணக்காக உறைப்பை விட்ட மனுஷி. "எனக்காச்சும் இந்தக் கறி ஒண்ணுதானே ஒத்துக்குது, அத நாந்தானே பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே தினமும் போய்த் தட்டினார். மூன்று வாரம், ஒரு நாள் தவறாமல்.

பிஞ்சு பிடித்து நகமளவு ஆனதும் பையைக் கழற்றி, அந்தக் காம்புகளில் சிவப்புக் கம்பளி நூல் கட்டினோம். நூல் கட்டிய காயைப் பறிக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சட்டம். முழுக்கச் சிவந்து தோல் லேசாகச் சுருங்கத் தொடங்கியபோது பறித்து விதை எடுத்தோம். தண்ணீரில் போட்டு மிதக்கிறதை வடித்துவிட்டு, மூழ்கியதை நிழலில் காயவைத்தோம். எங்கள் பனிக்குக் காய்வதற்கு ஒரு வாரம் பிடித்தது. கடதாசியில் மடித்து, வறுத்து ஆறவைத்த அரிசி கொஞ்சம் போட்ட பேணியில் மூடினோம். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இப்படி வைத்தால் இரண்டு மூன்று வருடம் முளைக்கும்.

அடுத்த போகம்

2024 செப்டம்பரில் நாற்று மேடை, ஒக்டோபர் கடைசியில் நடவு. இந்த முறை மண்ணையும் கவனித்தோம். தேயிலை மண் புளிப்பு மண். தேயிலைக்கு அது பிடிக்கும், மிளகாய்க்குப் பிடிக்காது. நடுவதற்கு ஒரு மாதம் முன் டொலமைட் தூவிக் கொத்திவிட்டோம். போன போகத்தில் காயின் நுனி கறுத்து அழுகியது கல்சியம் போதாததாலும் தண்ணீர் ஒருநாள் அதிகம் ஒருநாள் இல்லை என்று போனதாலும். டொலமைட்டில் கல்சியமும் இருக்கிறது. மேலே மானாப்புல் பரப்பி மூடியதில் ஈரமும் ஒரே சீராக நின்றது. இரண்டடிக்கு ஒன்றரை அடி. உருளைக்கிழங்கு மூலையை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் நட்டோம்.

வலைப்பை விதையில் 24 செடி. பக்கத்தில் ஒரு சோதனைக்காக உறைத்த பதினொன்றாம் எண் செடியின் விதையிலும் ஒன்பது நட்டேன். அதில் இரண்டை இலைச்சுருட்டை பிடித்தது, பிடுங்கிவிட்டேன். இலைப்பேனும் சிற்றுண்ணியும் இலைக்கடியில் சாறு உறிஞ்சுவதால் வருவது அது. குருத்து படகு மாதிரி வளைந்தால் உடனே திருப்பிப் பார்க்கவேண்டும்.

2025 ஜனவரிக் கடைசியில் சுவைத்தோம். 24இல் ஒன்றுகூட உறைக்கவில்லை. பின்னால் பெப்ரவரி வறட்சியில் பிடித்த காயும் உறைக்கவில்லை. சோதனைச் செடி ஏழில் ஐந்து உறைத்தன, இரண்டு உறைக்கவில்லை. உறைக்கிற தாய்க்கு உறைக்காத பிள்ளை எப்படி வரும் என்று பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது. பதினொன்றாம் எண்ணுக்குள் வேலை செய்கிற பிரதி ஒன்றும் வேலை செய்யாத பிரதி ஒன்றும் இருந்தன, வேலை செய்யாத இரண்டு பிரதி சேர்ந்த பிள்ளை உறைக்காது என்றேன். கரும்பலகையில் மென்டலின் பட்டாணியை வரைந்து காட்டிய எல்லா வருடத்தையும்விட அன்றைக்கு வகுப்பு அமைதியாகக் கேட்டது. ஏழு செடியை வைத்து விகிதம் சொல்லமுடியாது, அதையும் சொன்னேன். ஆனால் மறைந்திருந்த குணம் பேரப்பிள்ளையில் வெளியே வந்ததை நாக்கால் தெரிந்துகொண்டார்கள்.

சமையலறையில்

உறைக்காத மிளகாயை எதற்கு இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றுகிறீர்கள் என்று கேட்டவர்கள் உண்டு. மிளகாய் என்றால் உறைப்பு என்றுதான் பலருக்கும். பேரே மிளகு போன்ற காய் என்பதிலிருந்து வந்ததுதானே. போர்த்துக்கேயர் கொண்டுவருவதற்கு முன் இந்தத் தீவின் உறைப்பு மிளகில்தான் இருந்தது. ஆனால் கறி மிளகாயின் வேலை வேறு. அது மரக்கறி. அதன் வாசம் பச்சை மிளகாயின் வாசம், அளவு மட்டும் மரக்கறி அளவு. உறைப்பைத் தாங்காத வயிறும் ஐந்து வயது நாக்கும் மிளகாயின் வாசனையை இழக்காமல் சாப்பிட இதைவிட்டால் வழியில்லை.

அம்மாயி வைக்கிற வெள்ளைக்கறி: காயை நெடுக்காகப் பிளந்து நரம்பை நகத்தால் வழித்துவிட்டு, இரண்டங்குலத் துண்டாக்கிக்கொள்வார். வெங்காயம், வெந்தயம் அரைக் கரண்டி, கறிவேப்பிலை, ரம்பை ஒரு துண்டு, மஞ்சள், உப்பு, இரண்டாம் பால். கொதித்துக் காய் நிறம் மாறினதும் முதற்பால் ஊற்றி, கொதிக்கவிடாமல் இறக்குவார். மாசி இருந்தால் இடித்துப் போடுவார், இல்லாவிட்டாலும் குறையில்லை. வெந்தயம் வேகாமல் இருந்தால் கசக்கும். அதனால் அதை முதல் நாள் இரவே ஊறப்போடுவார்.

விருந்தாளி வந்தால் அடைத்துப் பொரிப்பது. உருளைக்கிழங்கும் டின் மீனும் வெங்காயமும் பிசைந்து வயிற்றில் திணித்து, மாவில் முக்கி, பாண் தூளில் புரட்டிப் பொரிப்பார்கள். சதை தடிப்பான காய்தான் இதற்கு உடையாமல் நிற்கும். கலப்புக் காயில் இதைச் செய்து பார்த்த அக்கா, "தோலு பேப்பர் மாதிரி கிழியுது" என்றார். உறைப்புத் தெரியுமுன்பே கலப்பைக் காட்டிக்கொடுக்கிற இன்னொரு அடையாளம் அது.

செத்தலாகக் காயவைக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். சதை தடிப்பு, எங்கள் மூடுபனியில் உள்ளே பூஞ்சணம் பிடித்துவிடும். ஜூலை, ஓகஸ்டில் நல்ல வெயிலும் காற்றும் இருக்கும்போது மட்டும் தயிரில் ஊறவைத்து மோர் மிளகாய் போடலாம். அக்கா போன ஓகஸ்டில் போட்டார், நன்றாக வந்தது.

உறைக்கிற காயை வெட்டியபிறகு கை எரிந்தால் தண்ணீரில் கழுவிப் பயனில்லை. தேங்காயெண்ணெய் தடவித் தேய்த்துவிட்டுப் பிறகு சவர்க்காரம். நாலு நாள் சுவைத்த காலத்தில் எங்கள் மூன்று பேர் கையும் இதில்தான் தப்பின.

இப்போது

வலைப்பை விதையிலிருந்து இன்னும் எட்டு வீட்டுக்குக் கொடுத்திருக்கிறோம். கொடுக்கும்போது பேணியோடு ஒரு கைப்பிடி வலைத்துணியும் சேர்த்துக் கொடுக்கிறோம். விதையை மட்டும் கொடுத்தால் அடுத்த வருடம் அதே அழுகை வேறு வீட்டில் கேட்கும். பெரியம்மா தன் பச்சை மிளகாய்க்கும் பை போடத் தொடங்கியிருக்கிறார். கறி மிளகாய் கலந்து அவர் மிளகாயின் உறைப்புக் குறைந்துவிடக்கூடாதாம். அதுவும் நியாயம்தான், மகரந்தம் இரண்டு பக்கமும்தானே போகிறது.

பதினொன்றாம் எண்ணின் உறைக்காத இரண்டு பிள்ளைகளில் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன். காய் கொஞ்சம் குட்டை, ஆனால் செடி மூலத்தைவிட நன்றாகப் படர்ந்து நிற்கிறது. அதிலும் ஒரு கிளைக்கு வலை போட்டாயிற்று. பத்து மணிக்குத் தட்டுவதற்கு அம்மாயி இறங்கிப் போகிறார். சனிக்கிழமைகளில் அந்தப் பிள்ளையும் கூடப் போய், பையைத் தட்டிவிட்டு, சிவப்பு நூல் கட்டிய காயை எண்ணிவிட்டு வருகிறது.